பதிலாள் ஏறாத மேடு

குல்னெஸ் தீவுக்குப் போக வேண்டும் என்று ஜெனோவா மூன்று முறை மனுப் போட்டாள். மூன்று முறையும், நீங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு எதிரே, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வேலை பார்ப்பவள் அவள். அவளைப் பார்த்து, வட துருவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாய் என்று அரசாங்கம் எழுதியது. அதில் பொய்யும் இல்லை. எட்டு வருடமாக அவள் வேலை அந்தத் தீவில்தான்.

அந்தக் கட்டடத்துக்குப் பதிலாள் மையம் என்று பெயர். கண்ணாடியை மாட்டி, முழங்கை வரைக்கும் கையுறை போட்டு உட்கார்ந்தால், எங்கோ ஒரு மூலையில் நிற்கும் இயந்திரத்தின் கண் உங்கள் கண், அதன் கை உங்கள் கை. அது பனியைத் தொட்டால் உங்கள் விரலில் பனி கரகரக்கும், ஆனால் குளிராது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் இதை ‘ஏறுவது’ என்பார்கள். ஜெனோவா தினமும் எட்டு மணி நேரம் குல்னெஸில் ஏறினாள். காற்றளக்கும் கருவிகளில் உறையும் பனியைச் சுரண்டுவது, உடைந்ததை மாட்டுவது, எண்களைக் குறிப்பது. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் அவளுக்குச் சொந்தம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவள் அந்த வேலையையே கேட்டு வாங்கியிருந்தாள்.

அவள் புருஷன் கஸ்பார் அந்தத் தீவில் கிடந்தான். சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் பிட்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், வட கடல் பாதையில் கப்பல் பனிக்குள் மாட்டிக்கொண்ட சமயத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பார்கள்? கிட்டத்தில் இருந்த கரையில் அடக்கம் பண்ணிவிட்டு, ஒரு போட்டோவும் அவன் துணிப்பையும் அனுப்பிவைத்தார்கள். போட்டோவில் ஒரு வெள்ளை மரச் சிலுவை இருந்தது. அந்தச் சிலுவையைத்தான் ஜெனோவா எட்டு வருடமாகப் பதிலாளின் விரலால் துடைத்து வந்தாள்.

நான்காவது மனுவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லி மதுரையிலிருந்து கடிதம் வந்தது.

உடல் பயண அனுமதிக் குழுவின் அதிகாரி தையல்நாயகி, ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பழைய மனுக்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“சட்டம் தெரியும்லம்மா? ஆளாளுக்கு விமானம் ஏறித்தான் இந்த வானமே இப்படிக் கெட்டுப்போச்சு. ஒரு காரியத்தைப் பதிலாள் செஞ்சிரும்னா, அதுக்காக உடம்பு போகக் கூடாது. மொத மனுவுல என்ன எழுதியிருக்கீங்க? கல்லறையைப் பாக்கணும். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு தடவை பாத்திருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“மூணாவதுல, எலும்பை ஊருக்கு எடுத்துட்டு வரணும்னு. அந்த ஊர்ச் சட்டமும் அதை விடாது. இந்த ரெண்டாவது மனுதான் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. புருஷன் குழியில ஒரு பிடி மண்ணு போடணும்.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற உலோகக் கை ஒன்று தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, சிலுவைக்கு முன்னால் மெதுவாகத் தூவியது. பிறகு அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே மண்மேல் கிடந்தது. கீழே தேதியும், ‘இறுதிச் சடங்கு: நிறைவேறியது’ என்ற வரியும் இருந்தன.

“இது நீங்கதானே?”

ஜெனோவாவுக்கு முகம் சுண்டிப்போனது. “நாந்தான். கல்லறைத் திருநாளு மேடம் அன்னைக்கி. ஊரே மாலையும் மெழுகுதிரியுமாப் போவுது. எனக்குன்னு போக ஒரு எடமில்ல. மனசு கேக்கல, போட்டுட்டேன். அத இப்படிக் கணக்குல ஏத்துவாகன்னு நான் கண்டேனா?”

“நான் குத்தமாச் சொல்லலம்மா.” தையல்நாயகி திரையை அணைத்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “என் தங்கச்சி மக கல்யாணம் மெல்பர்ன்ல. நானும் பதிலாள்லதான் போனேன். அட்சதை போட்டேன், பொண்ணு கன்னத்தைத் தொட்டுப் பாத்தேன். முடிஞ்சு கையுறையைக் கழட்டுனா பசிக்குது. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பழைய சோறும் ஊறுகாயும் தின்னேன்.” அவர் சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை. “சரி. இந்த மனுவுல காரணம் எழுதுற எடத்துல ஒண்ணுமே எழுதல. நேர்ல சொல்லுதேன்னு மட்டும் இருக்கு. சொல்லுங்க. பதிலாளால முடியாதது என்ன இருக்கு அங்க?”

“அங்கேருந்து திரும்பி வாரது.”

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தார்.

“பத்து நிமிசம் முடிஞ்சா திரை கறுத்துரும் மேடம். கண்ணாடியக் கழட்டுனா எதுக்க டீ மிசினு நிக்குது. ஒன்பது வருசத்துல நான் அவுகள விட்டுட்டு ஒரு எட்டுகூட நடந்ததில்ல. அடக்கம் பண்ணுனவுக நடந்து வாராக. காலக் கழுவிட்டு வீட்டுக்குள்ள போறாக. பெறவு அழுதாலும் வீட்டுல இருந்து அழுறாக. நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அந்தப் பதிலாளு ராவும் பகலும் அங்கயேதான் நிக்குது. அதுக்குப் போகத் தெரியும். வரத் தெரியாது. நான் போயி, அவுககிட்டச் சொல்லிட்டு, என் காலால நடந்து வரணும்.”

தையல்நாயகி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டி, எதையோ நிதானமாக எழுதினார்.

“தர்றேன்” என்றார். “ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, அதை நான் மாத்த முடியாது. உடம்பு போன எடத்துக்குப் பதிலாள் கிடையாது. நீங்க போயிட்டு வந்தப்புறம் அந்தத் தீவுல ஒங்களால ஏற முடியாது. வேலையை வேற எடத்துக்கு மாத்திருவாங்க. ஒண்ணு தினமும் பத்து நிமிஷம். இல்ல, ஒரே ஒரு தடவை. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க.”

ஜெனோவா யோசித்தாள். யோசித்தால் போட முடியாது என்று தெரிந்ததும் போட்டுவிட்டாள்.

மையத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏக்கா, தெனம் கெடைக்கிறதக் குடுத்துட்டு ஒரு நாள வாங்கிட்டு வந்திருக்கியே, ஒனக்கென்ன கிறுக்கா?” கடைசி நாளின் பத்து நிமிடத்தில் சிலுவையைத் துடைத்து, கஸ்பார் என்ற எழுத்துகளில் விரலை ஓட்டி, வாரேன், நானே வாரேன் என்று சொன்னாள். பதிலாளுக்கு வாய் கிடையாது. அவள் குரல் தூத்துக்குடியைத் தாண்டிப் போகாது என்று தெரிந்தேதான் எட்டு வருடமும் பேசியிருந்தாள்.

பதினோரு நாள் பயணம். ரயில், விமானம், அப்புறம் ஒரு மீன்பிடிப் படகு. கோடைகாலம்தான், ஆனாலும் குளிர் சட்டைக்குள்ளே புகுந்து எலும்பைத் தேடியது. அவள் பிறந்ததிலிருந்து வியர்த்துப் பழகியவள். படகு ஓட்டி வந்தவன் மூன்று விரலைக் காட்டினான். மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும்.

கரையில் இங்ரித் காத்திருந்தாள். தீவின் கடைசி ஏழு வீடுகளில் ஒன்று அவளுடையது. அறுபது வயது இருக்கும், காற்றில் சிவந்த முகம். இருவர் காதிலும் மொழிபெயர்ப்பி இருந்தது. ஜெனோவாவுடையது அந்தப் பெண்ணின் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழில் சொன்னது.

“தங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. கல்லறைக்கு நான் வழி காட்டுகிறேன்.”

வழி காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் ஜெனோவா முன்னால் நடந்தாள். இந்தப் பாறைக்கு இடப்பக்கம், பிறகு அந்த உடைந்த படகு, பிறகு காற்றுக் கருவி. எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன, ஆனால் எதுவும் அவள் நினைத்தபடி இல்லை. பதிலாளின் கண் இடுப்பு உயரத்தில் இருக்கும், அதனால் குன்று என்று எண்ணியிருந்ததெல்லாம் வெறும் திட்டாக இருந்தது. பாசியும் மீனும் கலந்த ஒரு வாடை எங்கும் அடித்தது. கஸ்பார் இந்த வாடையிலா ஒன்பது வருடம் கிடக்கிறான்? எட்டு வருடமாக இதைக்கூடத் தெரியாமல் வந்துபோயிருக்கிறாள்.

இங்ரித் பின்னாலேயே ஓடி வந்தாள். “இந்தப் பாதை தங்களுக்கு எவ்வாறு தெரியும்?”

“நான் தெனமும் வாரவதான். அந்தச் சாம்பல் வண்டி. சிலுவையத் தொடைக்குமே.”

இங்ரித் நின்றுவிட்டாள். அவள் முகம் போன போக்கை ஜெனோவா பார்க்கவில்லை. அவளுக்குச் சிலுவை தெரிந்துவிட்டது.

ஆறு வெள்ளைச் சிலுவைகள், வரிசையாக, எல்லாம் இந்தப் பாதையில் செத்த கப்பல்காரர்களுடையவை. இரண்டாவது அவனுடையது. ஜெனோவா முழங்காலிட்டாள். கம்பளிக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையை மண்ணில் வைத்தாள். அள்ளப் போனவளின் மணிக்கட்டை இங்ரித் பிடித்தாள்.

“இங்கே வேண்டாம்” என்றது காதிலிருந்த குரல். “அவர் இங்கே இல்லை.”

ஜெனோவாவுக்கு முதலில் விளங்கவில்லை. மொழிபெயர்ப்பி தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தாள். இங்ரித் அவள் பக்கத்திலேயே ஈர மண்ணில் உட்கார்ந்து, விட்டுவிட்டுச் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் நிலத்தடிப் பனி உருகிச் சரிவு நகர்ந்தது. கடல் பக்கம் பெட்டிகளின் முனை வெளியே தெரிந்தது. கடல் இழுத்துக்கொண்டு போவதற்குள், அன்று ராத்திரியே ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து, ஆறு பெட்டிகளையும் கயிறு கட்டித் தோளில் சுமந்துபோய், மேலே பாறைக்குப் பின்னால் இருக்கும் கெட்டி மண்ணில் புதைத்துவிட்டு, பழைய குழிகளை மூடினார்கள்.

“சிலுவைகளையும் எடுக்கத்தான் மறுநாள் இறங்கி வந்தோம். அப்போது தங்கள் இயந்திரம் வந்தது. வழக்கம்போல் விரலால் சிலுவையைத் துடைத்தது. நாங்கள் மண்வெட்டியோடு நின்றோம். ஒரு நிறுவனம் சிலுவையைத் துடைக்க இயந்திரம் அனுப்பாது, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. அந்த இயந்திரத்தால் மேட்டில் ஏற முடியாது. சிலுவையை எடுத்துவிட்டால் நாளை அது எதைத் துடைக்கும்? ஆகையால் மேலே புதிய சிலுவைகள் செய்தோம். இவற்றை விட்டுவிட்டோம். எங்களை மன்னியுங்கள்.”

ஐந்து வருடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாள். வெறும் மண்ணிடம் அல்லவா மாமியார் செத்ததைச் சொன்னாள், வீடு ஒழுகுவதைச் சொன்னாள், முடி நரைத்ததைச் சொன்னாள். ஜெனோவாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் முன்பின் தெரியாத ஒருவனின் பெட்டியைத் தோளில் தூக்கியவள்.

“எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மேடு செங்குத்து. கையும் காலுமாக ஊன்றி ஏறினார்கள். ஜெனோவாவின் நகம் இரண்டு உடைந்தது. பாறையைச் சுற்றித் திரும்பியதும் காற்று நின்றது, கூடவே ஆறு சிலுவைகளும் தெரிந்தன. சுற்றிலும் கல் அடுக்கி, மஞ்சளாகச் சின்னப் பூக்கள் முளைத்து, யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்ட இடம். கஸ்பார் பெயருக்குப் போன வருடம்தான் வண்ணம் பூசியிருந்தார்கள்.

அங்கே அவனைப் புதைத்தபோது அவன் ஆட்கள் யாரும் மண் போடவில்லை. அவள் போட்டாள். கெட்டிப்பட்ட மண்ணை உடைந்த நகத்தால் கிளறி, ஒரு பிடி அள்ளி, அவன் மேல் போட்டாள். பிறகு அப்படியே கவிழ்ந்து படுத்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். ஒன்பது வருடத்து அழுகைக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை, இங்கே தாராளமாகக் கிடைத்தது. குளிரில் நடுங்கியபடி, ஏன்யா இவ்வளவு தூரத்துல வந்து கெடக்க என்று திட்டினாள். இங்ரித் தன் மொழிபெயர்ப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கையில் ஜெனோவா எழுந்தாள். வந்த காரியம் இதுதான். எழுந்து நடப்பது. இப்போதுதான் அவனைக் கண்டுபிடித்திருக்கிறாள், இன்னும் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் விட்டுவிட்டுப் போக வேண்டும். பதிலாளும் கிடையாது, மறுபடி மனுவும் கிடையாது. முதல் எட்டுக்குக் கால் வரவே இல்லை. எடுத்துவைத்தாள். இரண்டாவது எட்டும் வலித்தது, பத்தாவதும் வலித்தது. ஆனால் பாறையைத் தாண்டியபோது நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது. தான் பாதி அல்ல, முழுசாக நடக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கீழே வந்தபோது பழைய சிலுவைகளுக்கு முன்னால் ஒரு பதிலாள் நின்றது.

அவளுடைய சாம்பல் வண்டி இல்லை. இது பச்சை நிறம். ஒரு நேரத்தில் ஒரு பதிலாள்தான் கல்லறைப் பக்கம் வரலாம் என்பது எல்லா நாட்டு மையங்களுக்கும் விதி, அதனால் அவள் இதைப் பார்த்ததே இல்லை. ஐந்தாவது சிலுவையின் அடியில் குனிந்து, இரண்டு உலோக விரலால், மிகவும் பொறுமையாக, ஒட்டியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தது. சிலுவையில் எஃப்ரேன் தொலெந்தினோ என்று எழுதியிருந்தது.

“எந்த நாடு என்று எங்களுக்குத் தெரியாது. ஆறு வருடமாக இந்த நேரத்திற்கு வரும்” என்றாள் இங்ரித்.

வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஜெனோவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாயா, பெண்சாதியா, மகனா? யாரோ ஒரு ஜீவன், எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் மண்ணுக்குச் சேவை செய்துகொண்டிருந்தது.

“மேல உள்ள சிலுவையிலயும் இதே பேரு இருக்கா?”

“ஐந்தாவதாகவே இருக்கிறது.” இங்ரித் தயங்கினாள். “சொல்லப் போகிறீர்களா? நாங்கள் ஐந்து வருடமாக அதற்குத் துணியவில்லை. இருக்கிற ஆறுதலும் போய்விடுமே.”

“போகத்தான் செய்யும்” என்றாள் ஜெனோவா. “எனக்கு ஒருத்தரு சொல்லியிருந்தா அஞ்சு வருசம் முன்னமே இங்க வந்திருப்பேன்.”

ஆனால் எப்படிச் சொல்வது? கேட்க அதற்குக் காது கிடையாது. கண் உண்டு. ஜெனோவா பையிலிருந்த போனை எடுத்தாள். மேட்டை அண்ணாந்து பார்த்தாள். விட்டுவிட்டு வந்தாகிவிட்டது. அந்த ஒரு நடைக்காகத்தான் வாழ்நாள் முழுக்கக் கிடைத்திருக்கும் தினசரிப் பத்து நிமிடத்தையும் தூக்கிக் கொடுத்திருந்தாள். இப்போது மறுபடி ஏறினால் அந்த நடை என்னாவது?

ஏறினாள். கஸ்பாரைத் தாண்டித்தான் ஐந்தாவதுக்குப் போக வேண்டும். தாண்டினாள், நிற்கவில்லை. நின்றால் இறங்க மாட்டாள். ஐந்தாவது சிலுவையைப் பெயர் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமும், பின்னால் பாறையும் கீழே கடலும் தெரியும்படி இன்னொரு படமும் எடுத்தாள். திரும்பி வரும்போது இரண்டாவது சிலுவையின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், ஒரு கையை மட்டும் நீட்டி அதன் தலையைத் தொட்டுக்கொண்டு கடந்தாள்.

பச்சை வண்டி இன்னும் பாசியை எடுத்துக்கொண்டிருந்தது. ஜெனோவா அதன் முன்னால் முழங்காலிட்டு, போனை அதன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கை ஓய்ந்தது. கண் படத்தைப் பார்த்தது, சிலுவையைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. ஒரு உலோக விரல் வந்து திரையில் அந்தப் பெயரைத் தொட்டது. ஜெனோவா இரண்டாவது படத்தைக் காட்டினாள். பிறகு அந்தக் கையைத் தன் இரு கைகளிலும் ஏந்தி, மேட்டைச் சுட்டிக் காட்டினாள்.

உலோக விரல்கள் அவள் கையை இறுக்கின. தொடுவது அந்தப் பக்கம் தெரியும். எந்த ஊரிலோ ஒருத்திக்கு, அல்லது ஒருவனுக்கு, ஒரு மனுஷியின் கை தன் கையைப் பிடித்திருப்பது இந்த நிமிடம் தெரிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளும் இறுக்கிப் பிடித்தாள்.

கீழே படகு ஊதியது.

பச்சை வண்டி கையை விடுவித்துக்கொண்டு திரும்பி, மேட்டைப் பார்த்து உருண்டது. சரிவு தொடங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து சக்கரம் நின்றது. பின்னால் வந்து, வேகமெடுத்து மறுபடி போனது. மறுபடி நின்றது. இங்ரித் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜெனோவா கரையை நோக்கி நடந்தாள். அவள் படகில் ஏறி, கயிறு அவிழ்க்கிற வரைக்கும், சரளைக் கல்லில் அந்தச் சக்கரங்கள் முட்டி முட்டித் திரும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.